சின்னப்பொண்ணு அக்காவும் ஒரு பை காலித் தோட்டாவும்

சின்னப்பொண்ணு அக்கா போய்விட்டார். காலையில் அவர் மகன் போன் செய்து சொன்னார்.

ஜவ்வாது மலையில், புதூர்நாட்டுப் பக்கம் ஒரு சின்ன ஊர். உங்களில் யாருக்கும் அவரைத் தெரிந்திருக்காது. ஆனால் இன்று அவரைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை...

எண்பதுகளின் தொடக்கம். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். மலையடிவாரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் தற்காலிக டைப்பிஸ்ட். சேர்ந்து நான்கு மாதமாகியும் ஹெட் கிளார்க்கிடம் "சரிங்க சார்" தவிர வேறு எதுவும் பேசியதில்லை.

அப்போதுதான் அந்த ஆர்டர் வந்தது. துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் சுட்டு முடித்த காலித் தோட்டாவைக் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும். அப்போதுதான் புதிதாக வெடிமருந்தும் குண்டும் வாங்க பர்மிட்.

மலையிலிருந்து பதினோரு பேர் வந்து நின்றார்கள். பத்து ஆண்கள். அப்புறம் சின்னப்பொண்ணு அக்கா. கணவர் இறந்தபின் லைசென்ஸ் அவர் பெயருக்கு மாறியிருந்தது.

எல்லோரிடமும் இருந்தது நாட்டுத் துப்பாக்கி. பயிர்க் காவலுக்கு. சாமை கதிர் பிடிக்கும் நேரம்... காட்டுப் பன்றிக் கூட்டம் ஒருமுறை இறங்கினால் போதும், அந்த வருஷச் சோறு போய்விடும். ஒருவர் வீட்டிலும் ஒரு சிட்டிகை மருந்து மிச்சமில்லை.

"காலித் தோட்டா எங்கம்மா?" ஹெட் கிளார்க் அக்காவிடம் கேட்டார்.

"எங்க துப்பாக்கில தோட்டாவே கெடையாதுங்க சார்."

"அப்ப பர்மிட்டும் கெடையாது. டெல்லிச் சட்டம்மா இது. நான் இன்னா பண்றது?"

'மனு நிராகரிக்கப்படுகிறது.' பதினோரு முறை அடித்தேன். கார்பன் வைத்து.

மதியம் வராந்தாவில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். சுவரில் சாய்த்திருந்த என் குடையை எடுத்து நிமிர்த்திப் பிடித்தார்.

"இதான் துப்பாக்கின்னு வெச்சிக்கோ பாப்பா. வாய் வழியா மருந்தக் கொட்றோம். தேங்கா நாரப் போட்டு கம்பியால இடிக்கிறோம். அதும்மேல ஈயக் குண்டு. மறுபடி நாரு. சுட்டா எல்லாம் வெளிய போய்டும். பொக மட்டுந்தான் மிச்சம்."

குடையைத் திருப்பிக் கொடுத்தார்.

"பொகய மூட்ட கட்டி எடுத்தாரட்டுமா உங்க சாருக்கு?"

எனக்குச் சோறு புரையேறிவிட்டது.

"சிரிக்கிற இல்ல... உள்ள போய் இத ஒரு வார்த்த சொல்லேன்."

சொல்லவில்லை. டிபன் டப்பாவை மூடிக்கொண்டு என் மிஷினுக்கே திரும்பிவிட்டேன்.

அடுத்த வாரம் பதினோரு பேரும் மறுபடி வந்தார்கள். அக்கா கையில் ஒரு துணிப்பை. நேராகப் போய் ஹெட் கிளார்க் மேசைமேல் கவிழ்த்தார்.

காலித் தோட்டாக்கள்! சிவப்பு, பச்சை, பித்தளை அடியோடு... ஃபைல் மேலெல்லாம் உருண்டன.

"இந்தாங்க சார். கேட்டீங்களே."

அவர் ஒன்றை எடுத்துப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"இன்னாம்மா, வெளையாடறியா? உன் லைசென்ஸ்ல இன்னா போட்டிருக்குது? நாட்டுத் துப்பாக்கி! நாட்டுத் துப்பாக்கிக்கு ஏதும்மா தோட்டா?"

அக்கா தலையாட்டினார்.

"அதத்தான சார் போன தபா வந்து சொன்னோம்."

பின்னால் நின்ற பத்து பேரும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"இதெல்லாம் எங்க பொறுக்குன?"

"எங்க காட்டுலதாங்க. கீழருந்து ஜீப்புல வேட்டைக்கு வர்ற ஐயாமாருங்க போட்டுட்டுப் போனது. அவங்க கிட்ட காலித் தோட்டா இருக்குது, பர்மிட்டும் கெடைக்குது. பன்னி மட்டும் எங்களுக்கு."

ஹெட் கிளார்க் அதற்கு மேல் அதைப் பற்றிக் கேட்கவில்லை. அந்த ஐயாமார்களில் சிலரை அவருக்கும் தெரியும்.

அப்போது மூலையிலிருந்து ஒரு குரல் கேட்டது. என் குரல்தான். எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"சார்... நீங்க இப்ப சொன்னத அப்படியே டைப் பண்ணட்டுங்களா? நாட்டுத் துப்பாக்கிக்குத் தோட்டா இல்லைன்னு?"

அவர் என்னைப் பார்த்தார். மேசையில் கிடந்ததைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார்.

"...அடிம்மா."

அடித்தேன். வாழ்நாளில் அவ்வளவு வேகமாக நான் அடித்ததில்லை. மேலிடத்துக்கு விளக்கம் கேட்டு ஒரு பக்கக் கடிதம். அவர் சொன்ன வாக்கியம் முதல் பாராவிலேயே இருந்தது. அவர் மனம் மாறுவதற்குள் கையெழுத்தும் வாங்கிவிட்டேன்.

பத்து நாளில் பதில் வந்தது. நாட்டுத் துப்பாக்கிக்கு அந்த நிபந்தனை பொருந்தாது.

பதினோரு பர்மிட். ஒன்றில்கூட அடித்தல் திருத்தல் இல்லை. மருந்து வாங்கிக்கொண்டு அவர்கள் கடைத்தெருவில் நடந்து போனதை ஜன்னலில் நின்று பார்த்தேன். சாமி ஊர்வலம் தோற்றது! நடுவில் அக்கா, காலிப் பையைச் சுழற்றிக்கொண்டு...

அறுவடை முடிந்ததும் அதே பையில் சாமை அரிசியோடு வந்தார்.

"இந்தா பாப்பா. ஒரு கதிரு கூட பன்னிக்குக் குடுக்கல நாங்க."

"எனக்கு எதுக்குக்கா? நான் இன்னா பண்ணேன்?"

"நீ இன்னா பண்ணியா? டொக்கு டொக்குன்னு சுட்டியே, உன் மிஷின்ல! என் துப்பாக்கி கூட அப்படிச் சுட்டதில்ல."

ஆபீஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நான் தலையைக் குனியவில்லை.

ஹெட் கிளார்க் மேசையில் ஒரு சிவப்புத் தோட்டா மட்டும் தங்கிவிட்டது. குண்டூசி போட்டு வைத்திருந்தார்.

இன்று மதியம் அடக்கம். மலை ஏற என் முழங்கால் விடவில்லை. அவர் மகன் போனைத் தூக்கிப் பிடித்தார். ஊர்க்காரர்கள் அக்காவின் துப்பாக்கியிலேயே வானத்தைப் பார்த்து ஒரு வெடி போட்டார்கள். இங்கே என் வீட்டுக் கூடம் வரை கேட்டது.

காலித் தோட்டா எதுவும் விழுந்திருக்காது.

போய் வாங்க அக்கா.