நான் ஸ்பெயினுக்குப் போய்வந்த ஞாயிற்றுக்கிழமை

எட்டு வயதில் நான் ஒருமுறை ஸ்பெயினுக்குப் போயிருக்கிறேன். ரொறொன்ரோ மோர்னிங்சைட்டில் எங்கள் அடுக்குமாடி வாசலிலிருந்து பக்கத்து வீட்டு அங்கிளின் காரில் காலையில் புறப்பட்டு, வெயில் சாய்வதற்குள் திரும்பிவிட்டோம்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நானும் அம்மாவும் மட்டும் கனடாவுக்கு வந்திருந்தோம். அப்பா வரும் வழியில் ஜெர்மனியில் தங்கிவிட்டார். கடதாசி சரிவந்ததும் வந்துவிடுவார் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் வந்து சேரும்வரை மீனோ இறைச்சியோ, மச்சம் எதையும் வாயில் வைப்பதில்லை என்று அம்மா முருகனுக்கு நேர்த்தி வைத்திருந்தார். மீன் இல்லாமல் சோறு இறங்காத மனுஷி கத்தரிக்காயோடு காலம் தள்ளினார். எனக்கு மட்டும் மீன் பொரித்து, முள்ளெடுத்துத் தந்துவிட்டு, கையை இரண்டு தரம் சோப் போட்டுக் கழுவுவார்.

தையல் தொழிற்சாலையில் அம்மாவுக்குப் பக்கத்து மெஷினில் ஒரு ஸ்பானியப் பெண்மணி தைத்தார். தங்கள் ஆட்கள் நடத்தும் கோடைத் திருவிழாவுக்கு வரச்சொல்லி அவர் வருடாவருடம் கூப்பிடுவார், அம்மா சிரித்துச் சமாளிப்பார். அந்த வருடம் பக்கத்து வீட்டு அன்ரி விடவில்லை. "வெளிக்கிடும் பிள்ளை. எவ்வளவு நேரத்துக்கு உந்தச் சுவரையே பாத்துக்கொண்டிருப்பீர்? பெட்டையும் பாவம்" என்று சொல்லி, அம்மாவின் சீலையைத் தானே எடுத்துக் கட்டிலில் போட்டார். நான் ஏன் பாவம் என்று விளங்காமலே காரில் ஏறினேன்.

நெடுஞ்சாலை ஏறியதும் தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது கண்ணாடிக்கு வெளியே ஒரு குதிரை நின்றது. அதன்மேல் அகன்ற தொப்பி வைத்த கிழவர் ஒருவர் எனக்குக் கையசைத்தார். கோடு போட்ட கூடாரங்கள், அவற்றுக்கு மேலே வரிவரியாகச் சிவப்பும் வெள்ளையுமாய்க் கடதாசி விளக்குக் கூடுகள். பெண்களெல்லாம் புள்ளிச் சட்டையும் தலையில் பூவுமாய் நடந்தார்கள். "ஸ்பெயின் வந்திட்டுது, இறங்கு" என்றார் அங்கிள். அவர் பகிடி விடுகிற ஆள் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் நம்பினேன். கனடாவுக்கும் நான் அப்படித் தூங்கித்தான் வந்து சேர்ந்தேன்.

அந்தப் பகல் இன்றைக்கும் எனக்குள் ஒழுங்கில்லாமல் மிதக்கிறது. யாரோ கிற்றார் வாசித்தார்கள், யாரோ கை தட்டினார்கள், தட்டுக்கு ஏற்ப விசிறிகள் விரிந்து மூடின. ஸ்பானியப் பெண்மணி ஓடிவந்து அம்மாவைக் கட்டிப்பிடித்தார். நீளக் குஞ்சம் தொங்கும் சால்வையொன்றை அம்மாவின் சீலைக்கு மேலே போர்த்தி, தன் தலையிலிருந்த சிவப்புப் பூவை எடுத்து அம்மாவின் கொண்டையில் செருகினார். அம்மா சத்தமாகச் சிரித்தார். எனக்கு வெட்கமாகவும் பெருமையாகவும் இருந்தது.

நடுவில் நான் படுத்து உருளக்கூடிய அகலத்தில் ஒரு தாச்சிச் சட்டி. அதில் மஞ்சள் சோறு, சோற்றின்மேல் இறாலும் மட்டியும். சமைத்தவர் கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றார். அன்ரிக்குப் பொறுக்கவில்லை. "உந்த மனிசன் கிளறுறாரில்லை, அடிப்பிடிக்கப்போகுது" என்று அகப்பையைத் தேடினார். கடைசியில் பார்த்தால், அடிப்பிடித்த சோற்றுக்குத்தான் அங்கே அடிபாடு.

தொழிற்சாலையின் மதியச் சாப்பாட்டு மேசையில் இரண்டு வருடம் அம்மாவோடு இருந்த ஸ்பானியப் பெண்மணிக்கு நேர்த்தி தெரியும். அம்மாவுக்கென்று உருளைக்கிழங்கும் பொரித்த மிளகாயும் தனித்தட்டில் கொண்டுவந்தார். அம்மா அந்தத் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டு, எனக்கு வந்த இறால் சோற்றைத் தன்பக்கம் இழுத்தார். ஒரு இறாலை எடுத்து, அதன் மேற்கோதை மெதுவாக உரித்து, வாயில் வைத்தார். பிறகு இன்னொன்று.

அம்மா நேர்த்தியை முறித்துவிட்டார். அன்ரியாவது தடுப்பார் என்று பார்த்தால், அவர் கடதாசிக் கூடுகளை அண்ணாந்து பார்த்தபடி, "வடிவாச் சாப்பிடும்" என்றார். ஸ்பானியப் பெண்மணி அம்மாவின் முதுகைத் தடவினார். பெரியவர்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் மறதி வந்துவிட்டது என்று நினைத்தேன். ஒரு ஆறுதல்தான் இருந்தது: இது ஸ்பெயின். முருகன் இவ்வளவு தூரம் வந்திருக்கமாட்டார்.

திரும்பும்போது நான் தூங்கவில்லை. அரை மணித்தியாலம்கூட ஆகியிருக்காது, மோர்னிங்சைட் என்ற பலகை வந்துவிட்டது. நாங்கள் ரொறொன்ரோவைத் தாண்டவேயில்லை. அப்படியென்றால் முருகன் பார்த்திருப்பார். அப்பா இனி வரமாட்டார். முன்சீற்றில் அம்மா தலைப்பூவோடு கண்மூடியிருந்தார். பின்சீற்றில் நான் முருகனோடு பேசிமுடித்தேன். அம்மா மறந்துபோனா, அவவுக்குப் பதிலா நான் மச்சம் தின்னாமல் இருக்கிறன்.

அடுத்த நாள் வீட்டில் மீன் குழம்பு. அம்மாவும் தனக்குப் போட்டுக்கொண்டார். நான் எனக்கு வேண்டாமென்றேன். மறுநாள் என் தட்டில் கத்தரிக்காய்ப் பொரியல் இருந்தது. அதற்கு அடுத்த நாளும் இருந்தது. அப்படியே மூன்று வருடம்.

பதினொரு வயதில் அன்ரி வீட்டில் மீன் தட்டைத் தள்ளியபோது, காரணத்தைக் கேட்டுக் கேட்டு அவர் என்னிடமிருந்து பிடுங்கிவிட்டார். பிடுங்கியவர் அழுதார். பிறகு சொன்னார்: அந்தத் திருவிழாவுக்கு மூன்று நாளைக்கு முன்பே ஜெர்மனியிலிருந்து கடிதம் வந்துவிட்டதாம். அப்பா அங்கேயே வேறொரு குடும்பமாகிவிட்டாராம்.

மீன் ஏன் வேண்டாம் என்று அம்மா ஒருநாள் கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன். நான் சொன்னால், அப்பாவைப் பற்றி அவரும் சொல்லவேண்டி வரும். அதனால்தான் கேட்காமலே எனக்கென்று தனியாக அடுப்பேற்றியிருக்கிறார். இரண்டு வருடம் தனக்காகப் பொரித்த கத்தரிக்காயை, பிறகு மூன்று வருடம் எனக்காகப் பொரித்திருக்கிறார்.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து மீன் சட்டியை என் பக்கம் இழுத்தேன். அம்மா பெரிய துண்டாகப் பார்த்து எடுத்து, எனக்கு இன்னும் எட்டு வயதுதான் என்பதுபோல, முள்ளெடுக்கத் தொடங்கினார்.