மலைக்கு முகம் வரைந்தேன்

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஒரு பங்குனி மாதம். பத்திரிகையில் பக்க வடிவமைப்பாளராக இருந்துவிட்டு, சிவகாசி அச்சகம் ஒன்றில் காலண்டர் டிசைனராகச் சேர்ந்திருந்தேன். மாவட்டத்தின் மேற்கே, மலையடி ஊர் ஒன்றிலிருந்து ஆர்டர் வந்தது. சித்திரைத் திருவிழாவுக்கு 'மலைச்சாமி' படம் போட்ட காலண்டர்.

சாமி படம் எனக்கு அரை நாள் வேலை. முறுக்கு மீசை, அரிவாள், வெள்ளைக் குதிரை. பின்னணியில், ஊர்க் கண்மாயோரம் நின்று எடுத்து அவர்கள் அனுப்பியிருந்த போட்டோவிலிருந்த மலை. கோயிலை நேரில் பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

புரூப் பார்க்க ஊர்த் தலைவரும் அவர் மனைவியும் வந்தார்கள்.

"மீசை எடுப்பா இருக்குல்ல? என்னைய மாதிரியே" என்றார் தலைவர்.

"அதான் பயமா இருக்கு" என்ற மனைவி, என் பக்கம் திரும்பினார். "எங்க சாமிக்குச் சிலையே கெடையாதுண்ணே. மலைதான் சாமி. நீங்க மொகம் வச்சிட்டீக. மொகம் வச்சா முதுகும் வந்துரும்ல? மலைக்கு அங்கிட்டும் ஒரு ஊரு இருக்கு. எங்க அம்மா வீடு அங்கனதான்."

பிறகுதான் விவரம் சொன்னார்கள். முதல் பொங்கல் யார் வைப்பது என்ற சண்டையில் இரண்டு ஊரும் பல ஆண்டுகளாகத் தனித்தனியே கும்பிட்டு வந்தன. இந்த வருடம்தான் சேர்ந்து கும்பிடச் சம்மதம். இந்தக் காலண்டரைத் தாம்பூலத்தோடு வைத்து அந்த ஊரை அழைக்க வேண்டும். முதுகு காட்டும் சாமியைக் கொண்டுபோனால் யார் வருவார்கள்?

மன்னிப்புக் கேட்டேன். மலையை மட்டும் போடுவதாகச் சொன்னேன்.

"எந்தப் பக்கத்து மலைய?" என்றார் தலைவரின் மனைவி. அவரே வழியும் சொன்னார்: "அவுக பக்கத்து மலைய எங்களுக்குப் போடுங்க. எங்க பக்கத்த அவுகளுக்குப் போடுங்க."

"நம்ம வீட்டுச் சுவத்துல அவுக மலையா?" என்றார் தலைவர்.

"பதினெட்டு வருசமா நான் உங்க மலையத்தான பாத்துக்கிட்டு இருக்கேன்?"

தலைவர் புரூப்பை மடித்துப் பைக்குள் வைத்தார். "அப்படியே போட்ருங்க தம்பி."

மறுநாள் கேமராவுடன் பைக்கில் மலையைச் சுற்றினேன். இந்தப் பக்கம் மொட்டைப் பாறை. அந்தப் பக்கம் உச்சிவரை பச்சை. ஆர்டர் தந்த ஊர்ப் பக்கத்து அடிவாரத்தில் இரண்டு கல்தூண், மேலே ஒரு குறுக்குக் கல். அவ்வளவுதான் கோயில். அதற்குள் பார்த்தால் மலை தெரிந்தது.

திருவிழாவுக்குப் போயிருந்தேன். அந்த ஊர்க்காரர்கள் இரண்டு டிராக்டர் நிறைய வந்து இறங்கினார்கள். முதலில் இறங்கியவரின் கையிலிருந்த பானையை வாங்கி, தன் பானையை ஒட்டியே அடுப்பில் ஏற்றினார் தலைவரின் மனைவி. எது முதலில் பொங்கியது என்று யாரும் கேட்கவில்லை.

இப்போதெல்லாம் எந்த ஊர் ஆர்டர் வந்தாலும் கம்ப்யூட்டரைத் திறக்கும் முன் பைக்கை எடுத்துவிடுகிறேன். ஒரு சுற்று வராமல் எதையும் எனக்குத் தெரியும் என்று சொல்ல இன்றுவரை துணிச்சல் வரவில்லை.