ஹனீபா நானாவின் மூன்றாவது குவியல்

நெடுங்கேணிச் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றபோது உழவு இயந்திரக்கார ராசன் வந்து, "மாஸ்டர், ஹனீபா நானா காலமை மௌத்தாகிட்டாராம்" என்றார். பஸ் பிடித்து அவருடைய ஊரான முல்லைத்தீவுக்குப் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்துவிட்டது. ஆட்கள் காலில் ஒட்டிய மண்ணைத் தட்டியபடி திரும்பிக்கொண்டிருந்தார்கள். அவரிடம் சொல்ல வேண்டிய ஒன்றை இந்த முறையும் பிந்தித்தான் கொண்டுபோனேன்.

எங்கள் கமக்காரர் சங்கத்தைச் சேர்ந்த நீங்கள் எல்லோரும் அவரை அறிவீர்கள். இடம்பெயர்ந்து புத்தளத்தில் பல வருடம் இருந்துவிட்டுத் திரும்பி வந்து, எங்கள் சந்தியில் வேலைத்தளம் போட்டவர். புதிதாக எந்தச் சாமான் வந்தாலும் அதைக் கழற்றி, யூரியாப் பை ஒன்றை விரித்து, மூன்று குவியலாக வைப்பார். எங்கள் மண்ணில் கிடைப்பவை ஒன்று. வவுனியாவில் வாங்கக்கூடியவை இன்னொன்று. கடல் கடந்து எங்கிருந்தோ வர வேண்டியவை மூன்றாவது. ஒருமுறை என் வீட்டுச் சூரிய விளக்கைக் கழற்றி, நகத்தளவு துண்டு ஒன்றை மூன்றாவது குவியலில் தனியே வைத்தார். "மிச்சமெல்லாம் இதுக்குப் போட்ட சட்டைதான் மாஸ்டர். எது பெரிசு எண்டு பாக்காதேங்கோ. எது நாளைக்கு வராட்டி எல்லாம் நிண்டுபோகும் எண்டு பாருங்கோ" என்றார். முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்த நான் இதை ஒரு வகுப்பிலும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

யானை வேலித் திட்டம் வந்தபோது மின்சாரப் பெட்டிகளைப் பொருத்தும் வேலையை அவரிடம் கொடுத்தோம். முதல் பெட்டியையும் அப்படியே பையில் பரப்பினார். பிறகு ஒரு தாளில் தன் கையால் எழுதிக் கையெழுத்திட்டு, சங்கச் செயலாளரான என்னிடம் தந்தார். "இதுக்குள்ளை போற பற்றரி ஒரே அளவு, ஒரே வகை. அது வராத நாளிலை வேலி வெறும் கம்பி. பெட்டியை அகலமாக்கி உழவு மெசின் பற்றரியும் கொழுவக்கூடியதாச் செய்ய வேணும்." இதுதான் அதிலிருந்த விஷயம்.

வரைபடத்தை மாற்றினால் உதவி தந்தவர்கள் திரும்பவும் அனுமதி எடுக்கச் சொல்வார்கள். மழை நெருங்கிவிட்டது. திட்டம் பக்கத்து ஊருக்குப் போய்விடும் என்று பயந்தேன். பிள்ளைகளின் கட்டுரையில் வேண்டாத பந்தியை வெட்டிப் பழகிய கை எனக்கு. அவர்களுக்கு அனுப்பும் அறிக்கையைப் படி எடுக்கும்போது அந்தத் தாளை விட்டுவிட்டேன். அந்த அறிக்கையில் நானாவின் கையெழுத்து வாங்கப் போனபோது, "ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ நானா" என்று வாய்க்குச் சொன்னேன். "நீங்கள் எழுதினதை நான் வாசிக்கிறதோ?" என்று சிரித்துவிட்டு, கிறீஸ் பிடித்த விரலைச் சாரத்தில் துடைத்துக் கையெழுத்துப் போட்டார்.

பிறகு நாட்டில் சாமான் வராத காலம் வந்தது. பற்றரிகள் ஒவ்வொன்றாகச் செத்தன. மாற்றுவதற்கு வவுனியாவிலும் இல்லை, கொழும்பிலும் இல்லை. நெல் கதிர் தள்ளிய வாரத்தில் யானைகள் வெறும் கம்பியை மிதித்துக்கொண்டு உள்ளே வந்தன. பரமேஸ்வரி அக்காவின் வயலில் ஒரு கதிர் மிஞ்சவில்லை.

அந்தக் கூட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். பரமேஸ்வரி அக்கா எழும்பி, "பெட்டி செய்தவருக்கு இது தெரியாதோ? மலிஞ்ச சாமானைப் போட்டு எங்களைப் பேக்காட்டி ஏமாத்திப் போட்டார்!" என்று கத்தினார். நானா ஒருதரம் என்னைப் பார்த்தார். நான் கூட்டக் குறிப்பேட்டைப் பார்த்தேன். "என்ரை வேலையிலை வந்த பிழைதான் பிள்ளையள். பெட்டியளைக் கழட்டித் தாங்கோ" என்று மட்டும் சொன்னார். அடுத்த கிழமைக்குள் எல்லாப் பெட்டிகளையும் வெட்டி அகலமாக்கினார். உழவு இயந்திரப் பற்றரியில் ஓடும் அந்த வேலி இன்றும் நிற்கிறது. அதற்குப் பிறகு இரண்டு வருடமாக எங்களில் பலர் அவரிடம் வேலை கொடுக்கவில்லை.

ஒருநாள் வேலைத்தளத்துக்குப் போய், கூட்டத்தில் அந்தத் தாளைப் பற்றி ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். தேத்தண்ணியை நீட்டினார்.

"சொன்னா உங்களைச் செயலாளர் கதிரையிலையிருந்து எழுப்பிப் போடுவாங்கள். தண்ணிப் பம்பி திருத்த இன்னொருத்தன் வருவான். அரசாங்கக் கந்தோருக்குக் கடிதம் எழுத இந்தச் சங்கத்திலை வேறை ஆர் இருக்கினம்? நீங்கள் மூண்டாம் குவியல் மாஸ்டர்."

அந்தத் தேத்தண்ணியைக் குடித்தேன். குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அதற்குப் பிறகும் நான் வாய் திறக்கவில்லை. என்னைக் காப்பாற்ற அவர் சொன்ன கணக்கை, ஏதோ பாராட்டுப் பெற்றவன்போல, இரண்டு வருடம் வைத்துக்கொண்டிருந்தேன்.

அடக்கத்துக்குப் போய் வந்த மறுநாள் அந்தத் தாளைப் பரமேஸ்வரி அக்காவிடம் கொண்டுபோனேன். கண்ணாடியைப் போட்டு இரண்டுதரம் வாசித்தார்.

"இதை வைச்சுக்கொண்டோ மாஸ்டர் என்னை அந்தாளை ஏச விட்டனீங்கள்?"

"ஓம்."

"நான் பேசினது பேசினதுதான். அதை இனி ஆரிட்டைப் போய்த் திருப்பி எடுக்கிறது?" தாளை மடித்து என் கையில் வைத்தார். "கூட்டத்திலை வாசியுங்கோ. அண்டைக்கு நான் எழும்பி நிண்ட இடத்திலை நிண்டு வாசியுங்கோ."

அந்த இடத்தில்தான் இப்போது நிற்கிறேன். இனிக் கடிதம் எழுத வேறு ஒருவரை நீங்கள் தெரிவுசெய்துகொள்ளலாம். ஹனீபா நானாவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது இந்த ஒரு தாள். ஓரத்தில் அவருடைய கிறீஸ் விரல் பதிந்திருக்கிறது. தயவுசெய்து கையிலிருந்து கைக்குக் கொடுத்து எல்லோரும் வாசியுங்கள். வாசித்து முடிந்ததும் என்னிடம் திருப்பித் தாருங்கள்.