ஹசிந்தா வாய் திறக்காத ஒன்பது நாள்

ஹசிந்தா லிரியானோ எங்கள் ஊர்ப் பேஸ்பால் மைதானத்தின் மூன்றாம் வாசலுக்கு எதிரே யானிகேக்கே சுட்டு விற்பவள். மாவைத் தட்டகலத்துக்கு மெல்லிசாகத் திரட்டி எண்ணெயில் போட்டதும் அப்பளம்போல் கொப்புளம் விடும். உப்பைத் தூவிக் காகிதத்தில் சுற்றிக் கொடுப்பாள். என் சலூன் அவள் அடுப்புக்கு நேர் எதிரில், நடுவில் ஒரு தெரு. பத்தொன்பது வருஷமாக அந்தத் தெருவை நடுவில் வைத்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் பேஸ்பால் சண்டை போட்டிருக்கிறோம்.

சண்டை நடப்பது ரேடியோவில். மதியம் ஒரு மணிக்கு ரதாமேஸ் நடத்தும் பேஸ்பால் நிகழ்ச்சி தொடங்கும். முதல் போன் எப்போதும் ஹசிந்தாவுடையது. போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, கரண்டியால் எண்ணெயைத் தள்ளிக்கொண்டே பேசுவாள். அவள் குரல் முதலில் தெருவிலிருந்து கேட்கும், பிறகு ரேடியோவிலிருந்து கேட்கும். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவனைப் பாதிச் சவரத்தில் விட்டுவிட்டு நானும் போன் போட்டு அவளுக்குப் பதில் சொல்வேன்.

அந்த வருஷம் எங்கள் மீன்கொத்திகள் அணி இருபத்து நாலு ஆட்டத்தில் பதினேழு தோற்றிருந்தது. வாஸ்கர் பிச்சார்தோ நாலாவதாக மட்டை பிடிக்கலாமா கூடாதா என்பது ஒன்றுதான் ஊரில் பேச்சு. வாஸ்கருக்கு முப்பத்தாறு வயது. பதினாலு வருஷமாக அந்த இடம் அவனுடையது. எங்களுக்குக் கிடைத்த ஒரே கோப்பை அவன் அடித்த அடியால் வந்தது. ஆனால் அந்த வருஷம் அவன் மட்டை காற்றைத்தான் அடித்துக்கொண்டிருந்தது.

"முன்னாடி மூணு பேர் உயிரைக் குடுத்து ஓடி பேஸ்ல ஏறி நிக்கிறானுங்க. பந்தை அடிச்சு அவனுங்களை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து ரன் ஆக்குறதுதானே நாலாவது ஆளோட வேலை?" என்று ஹசிந்தா ரேடியோவில் கேட்டாள். "எங்க கூட்டிட்டு வர்றான்? விட்டா நின்ன இடத்துலயே வேர் விட்டுடுவானுங்க. ஏழாவதுக்கு எறக்குங்க அவனை."

நான் விடவில்லை. "மாதா சிலையைப் பீடத்துலேர்ந்து எறக்கி வாசல்ல வெப்பியா நீ?"

"மாதா மூணு பந்தைக் கோட்டை விட்டா வெப்பேன், செனோன்! உன் கத்தியை ஒழுங்காப் பிடி, கஸ்டமர் காதை அறுத்துடாத."

சலூனே சிரித்தது. நாற்காலியில் இருந்தவன் மட்டும் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

அவள் சும்மா பேசுகிறவள் அல்ல. மாவு மூட்டைக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்திருப்பாள். யார், எந்த நாள், எந்தப் பந்தில் என்ன செய்தான் என்று ஒவ்வொன்றையும் எழுதுவாள். நாங்கள் எல்லாரும் ஞாபகத்தை வைத்து வாதாடினோம். அவள் எழுத்தை வைத்து வாதாடினாள். அதனாலேயே அவளை எனக்குப் பிடிக்காது என்று சொல்வேன். உண்மையில் அவள் போன் வராத நாள் எனக்கு வேலை ஓடாது. அப்படி ஒரு காலம் வந்தது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

பயிற்சிக்குப் போகுமுன் வாஸ்கர் தினமும் மூன்று மணிக்கு அவளிடம் சாப்பிடுவான். ரேடியோவில் அவனைக் கிழிப்பவள் என்று தெரிந்தும் வருவான். "அக்கா, ஏழாவது ஆளுக்கு ஒண்ணு சுடு" என்பான். அவளும் பெரிதாகப் பார்த்து ஒன்று எடுத்துக் கொடுப்பாள்.

ஒரு திங்கட்கிழமை அவன் சாஸ் பாட்டிலை எடுக்கக் கையை நீட்டினான். கை பாட்டிலுக்கு ஒரு விரல் முன்னாலேயே மூடிக்கொண்டது. இன்னொரு முறை நீட்டினான், கிடைத்தது. ஊற்றியதில் பாதி காகிதத்துக்கு வெளியே போனது. அந்த நேரம் பகலிலேயே விளக்கைப் போட்டுக்கொண்டு ஒரு மோட்டார் சைக்கிள் எதிரே வந்தது. வாஸ்கர் முகத்தைத் திருப்பி, இடது கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு நின்றுவிட்டான்.

ஹசிந்தா கரண்டியை வைத்துவிட்டு அவனையே பார்த்தாள். அவள் புருஷன் மெலானியோ கரும்பு லாரி ஓட்டியவர். அவரும் இப்படித்தான் காபிக் கோப்பையைத் தேடுவார். அவள் கவனித்தாள். கேட்டால் கோபப்படுவாரே என்று கேட்கவில்லை. ஒரு சாயங்காலம் லாரி பாலத்தின் கைப்பிடிச் சுவரை உடைத்துக்கொண்டு ஆற்றுக்குள் போனது. மெலானியோ பிழைத்தார், வலது கால் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் அவள் அடுப்பைத் தெருவுக்குக் கொண்டு வந்தாள்.

அன்று வாஸ்கர் போனதும் நோட்டைப் பிரித்துப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்கள் வெயிலில் நடக்கும், மற்றவை விளக்கில். வெயிலில் அவன் இருபது தடவை மட்டை பிடித்து எட்டு அடித்திருந்தான். விளக்கில் எழுபத்தொரு தடவைக்குப் பத்து. ஐந்து வாரமாக அவள் கையாலேயே எழுதிய கணக்கு. அவளே பார்க்காமல் இருந்திருக்கிறாள்.

மறுநாள் மூன்று மணிக்குக் கூட்டம் விலகும்வரை காத்திருந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "தம்பி, விளக்கைப் பார்த்தா சுத்தி வளையம் வளையமாத் தெரியுதா உனக்கு?"

வாஸ்கர் மெல்லுவதை நிறுத்தினான். "யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் பந்து உன் கன்னத்துல பட்டுச்சே, அந்தப் பக்கம்தானே?"

"உன் வேலை மாவு சுடுறது. அதைப் பாரு. வாயை மூடிக்கிட்டுப் பாரு." பாதி தின்றதைக் குப்பைத் தொட்டியில் எறிந்துவிட்டுப் போய்விட்டான்.

மறுநாள் மதியம் ரேடியோவுக்கு அவள் போன் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. ரதாமேஸ் ஒலிபரப்பிலேயே கூப்பிட்டான்: "மூன்றாம் வாசல் ஹசிந்தா எங்கே? எண்ணெய்ச் சட்டிக்குள்ள விழுந்துட்டாங்களா?" யாரோ, "வாஸ்கர் ஆளுங்க வாயை அடைச்சுட்டாங்க" என்றான். இன்னொருவன், அவளிடம் சரக்கே தீர்ந்துவிட்டது என்றான். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். தெருவைத் தாண்டிக் கத்தினேன்: "என்ன ஹசிந்தா, நோட்டு தொலைஞ்சு போச்சா?"

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "உனக்கு நல்லா இருக்கட்டும், செனோன்" என்று மட்டும் சொன்னாள்.

ஒரு போன் போட்டால் போதும். வாதம் அவள் பக்கம் தீர்ந்திருக்கும். வாஸ்கரின் பிழைப்பும் அன்றே தீர்ந்திருக்கும். பேசாமல் இருந்தாலோ, மெலானியோவுக்குச் செய்ததையே இன்னொரு முறை செய்வதாக இருந்தது. அந்த ஒன்பது நாளும் அவள் சரியாகச் சாப்பிடவில்லை என்று மெலானியோ பிற்பாடு என்னிடம் சொன்னார். வாஸ்கர் வேறு பக்கமாகச் சுற்றி இரண்டாம் வாசல் வழியாகப் போக ஆரம்பித்திருந்தான்.

எட்டாம் நாள் ஆட்டத்தில் எதிரணிக்காரன் வீசிய பந்து கை நழுவி நேராக வாஸ்கர் தலைக்கு வந்தது. குழந்தைகூடக் குனிந்திருக்கும். இவன் குனியவில்லை. பந்து தலைக்கவசத்தில் பட்டு எகிறியது. எழுந்து, தூசியைத் தட்டிவிட்டு, விதிப்படி முதல் பேஸுக்கு நடந்தான். மைதானமே எழுந்து நின்று கைதட்டியது. பயப்படாத வீரன் என்று நானும் தட்டினேன். வாசலில் நின்று ரேடியோவில் கேட்டுக்கொண்டிருந்த ஹசிந்தா அடுப்பை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் மூன்று மணிக்கு வாஸ்கர் வந்தான்.

"யார்கிட்டயாவது சொன்னியா அக்கா?"

"இல்ல."

"ஏன்? சொல்லியிருந்தா உன் கட்சி ஜெயிச்சிருக்குமே."

"மட்டை வரிசையைப் பத்தி ஊரே பேசலாம். கண்ணு உன்னோடது." பிறகு, அவனைப் பார்க்காமலே சொன்னாள்: "ஆனா இன்னிக்கும் நீ வரலைன்னா உன் வீட்டு வாசல்ல வந்து உக்காந்திருப்பேன். ரேடியோவுக்குப் போயிருக்க மாட்டேன். உன் வீட்டுக்கு வந்திருப்பேன்."

அவன் பந்து பட்ட இடத்தைத் தடவிக்கொண்டான். "பந்து வந்ததே தெரியல அக்கா. பட்ட பிறகுதான் தெரிஞ்சுது."

அவள் நோட்டின் அந்தப் பக்கங்களைக் கிழித்துக் கொடுத்தாள். எழுத்து சின்னது என்று அவளே ஒரு முறை வாசித்தும் காட்டினாள். வாஸ்கர் அவற்றை எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போய், "என்னை நாலாவதிலிருந்து எடுத்துடுங்க. வரிசையிலேர்ந்தே எடுத்துடுங்க" என்றான். மேனேஜர் தாள்களை இரண்டு முறை பார்த்தாராம். "மூணு வாரமா உன்னை எறக்கணும்னு நெனைக்கிறேன். இந்த ஊர் என் காரைக் கொளுத்திடுமேன்னு பயம்" என்றாராம். இரண்டு பேரும் சிரித்தார்கள், பிறகு வாஸ்கர் அழுதான். இதெல்லாம் எனக்கு அடுத்த வருஷம், என் நாற்காலியில் உட்கார்ந்து அவனே சொன்னது.

பழைய அடியால் கண்ணுக்குள் புரை வளர்ந்திருந்தது. தலைநகரில் அறுவை சிகிச்சை. அவன் மனைவி வெளிநாட்டில் வேலையில் இருந்ததால், ஹசிந்தாவே நாலு மணி நேரம் பஸ்ஸில் அவனோடு போய்வந்தாள். ஊரிடம் வாஸ்கருக்கு இடுப்புவலி என்று சொன்னார்கள். அணி? ஒரு சின்னப் பையனை நாலாவதில் போட்டார்கள், அவன் நன்றாகத்தான் அடித்தான். ஆனால் முன்னால் நின்ற மூன்று பேரும் அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். அந்த வருஷம் நாங்கள் கடைசி இடம்.

அடுத்த வருஷம் வாஸ்கர் திரும்பி வந்தான், ஆறாவது இடத்துக்கு. அவனே கேட்டு வாங்கியது. விளக்கிலும் அடித்தான், முன்போல இல்லாவிட்டாலும் அடித்தான். இரண்டு வருஷம் விளையாடிவிட்டு மரியாதையோடு நிறுத்திக்கொண்டான்.

வாஸ்கர் என் நாற்காலியில் விஷயத்தைச் சொன்ன அன்று, சவரம் முடிந்ததும் நான் தெருவைக் கடந்து போனேன். அத்தனை வருஷத்தில் வாதாட அல்லாமல் அவளிடம் போனது அதுதான் முதல் தடவை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தேன். 

"ஒண்ணு குடு" என்றேன்.

அவள் சுட்டுக் கொடுத்தாள். நான் அங்கேயே நின்று சாப்பிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே கேட்டாள், "மெலானியோவுக்கு முடி வளர்ந்து கெடக்கு. உன் சலூன் படி ஏற முடியாது. வீட்டுக்கு வந்து வெட்டுவியா?"

அன்று முதல் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வெட்டுகிறேன்.