போகிக்கு ஒழித்த பரண்

பேத்தி தஞ்சாவூரில் புது வீட்டுக்குக் குடிபோய் மூன்று வருஷம்தான் ஆகிறது. அதற்குள் மேலே சாமான் போட்டு வைக்கும் லாஃப்ட் பிதுங்கி வழிகிறது. போன பொங்கலுக்கு நான் அங்கே போயிருந்தபோது அதை ஒழிக்க ஆரம்பித்தாள். தரையில் மூன்று குவியல் போட்டாள். வைத்துக்கொள்வது ஒன்று, யாருக்காவது கொடுத்துவிடுவது ஒன்று, தூக்கிப் போடுவது ஒன்று. செல்போனில் எவளோ ஒரு பெண் இதைப் பாடமாகவே நடத்துகிறாளாம்.

"ஒரு வருஷமா தொடாத சாமான் எதுவா இருந்தாலும் தூக்கிப் போட்டுடணும் அப்பாயி. அதான் ரூல்."

"ஒங்க தாத்தா என்னையத் தொட்டுப் பல வருஷம் ஆயிருந்துச்சு. அதுக்காவ அந்த மனுசன் என்னையத் தூக்கியா போட்டாரு?"

பேத்தி சிரித்துக்கொண்டே ஒவ்வொரு சாமானாகத் தூக்கிக் காட்டி, வேணுமா வேணாமா என்று கேட்டாள். மூடி இல்லாத டப்பாவுக்கும் வேணும் என்றேன். டப்பா இல்லாத மூடிக்கும் வேணும் என்றேன். கடைசியில் கோபம் வந்து, "நீ போய் டிவி பாரு அப்பாயி, நான் பாத்துக்கறேன்" என்று அனுப்பிவிட்டாள். அவள்மேல் தப்பில்லை. நான் என் வாழ்க்கையில் ஒரே ஒரு பரணைத்தான் ஒழித்தேன். ரொம்பச் சுத்தமாக ஒழித்தேன். அதோடு சரி.

அப்போது எனக்கு எட்டு வயசு. பாபநாசத்துக்குத் தெற்கே, வாய்க்கால் கரையில் எங்கள் வீடு. கீற்றுக் கூரை, ஒரே அறை. அடுப்புக்கு மேலே நாலு மூங்கிலைக் குறுக்கே போட்டு, அதன்மேல் பிளந்த மூங்கில் பிளாச்சு பரப்பியிருந்தார்கள். அதுதான் பரண். வீட்டில் நான், அப்பா, அம்மா, ஐப்பசி மழையில் பிறந்த தம்பி, அப்புறம் அத்தை. அத்தை அப்பாவுக்கு அக்கா. புருஷன் செத்த பிறகு எங்களோடு வந்து சேர்ந்தவள். வரும்போது ஒரு தகரப் பெட்டியையும் வாயையும் கொண்டுவந்தாள். பெட்டி காலியாக இருந்தது.

எனக்கு முன்னால் அம்மாவுக்கு மூன்று பிள்ளைகள் பிறந்து மூன்றும் தங்கவில்லை. அதனால் நான் பிறந்ததும் அத்தை ஒரு ஏற்பாடு செய்தாள். என்னை ஒரு முறத்தில் கிடத்திக் குப்பைமேட்டில் கொண்டுபோய் வைத்தார்கள். எதிர்வீட்டுக்காரி ஏதோ கிடந்ததைக் கண்டெடுத்த மாதிரி எடுத்துக்கொண்டாள். அம்மா அதே முறத்தில் தவிடு அள்ளிக்கொண்டு போய் அவளிடம் கொடுத்து, என்னை விலைக்கு வாங்கி வந்தாள். பெற்ற பிள்ளை என்றால் எமன் தேடி வருவான். தவிட்டுக்கு வாங்கின பிள்ளையை எதற்குத் தேடப்போகிறான்? பேரும் குப்பம்மாள் என்று வைத்தார்கள். எமன் அந்தப் பேரைப் பார்த்துவிட்டு இன்றுவரை இந்தப் பக்கம் வரவில்லை.

தெருவில் என்னை 'தவிட்டுக்கு வாங்கினவளே' என்றுதான் கூப்பிடுவார்கள். எல்லாப் பிள்ளைகளையும் அழவைக்கச் சும்மா சொல்கிற பேச்சு அது. என்னையும் அப்படித்தான் கேலி செய்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். என் விஷயத்தில் அது நிஜம் என்று அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை. அந்த முறம் வீட்டைவிட்டுப் போகவே கூடாது, அது இருக்கிறவரைதான் பிள்ளைகள் இருக்கும் என்று அத்தை சொல்லி வைத்திருந்ததும் தெரியாது. தம்பி பிறந்தபோது அவனையும் அதே முறத்தில் வைத்து வாங்கியிருந்தார்கள். அதையும் நான் பார்க்கவில்லை. அன்றைக்கு என்னை வேறு தெருவுக்கு விளையாட அனுப்பிவிட்டார்கள்.

அந்த வருஷம் மார்கழிக் கடைசி. போகிக்கு முதல் நாள். அப்பா அறுப்புக்குப் போய்விட்டார். அம்மா பாயையும் பானைகளையும் அள்ளிக்கொண்டு வாய்க்காலுக்குத் தேய்க்கப் போனாள். பச்சை உடம்பு, பரண்மேல் ஏற முடியாது. அத்தைக்கு முழங்கால் வலி. யாருக்காவது ஒரு வேலை சொல்லவேண்டி வந்தால் அந்த முழங்கால் உடனே வலிக்கும்.

"ஏ குப்பு, பரண்ல ஏறி எல்லாத்தையும் எறக்கு. ஒட்டடையத் தட்டு. உளுத்தது கிழிஞ்சதெல்லாம் ஒரு பக்கமாப் போடு. நல்லத மட்டும் திரும்ப ஏத்து" என்று சொல்லிவிட்டு அத்தை எதிர்வீட்டுக்குப் பேசப் போனாள்.

எனக்குக் கொள்ளை சந்தோஷம். போகி விடியலில் தெருப் பிள்ளைகள் நாங்கள் அவரவர் வீட்டுப் பழசைக் கொண்டுவந்து வாசலில் கொளுத்துவோம். யார் வீட்டு நெருப்பு பெரிசு என்பதில் பெரிய போட்டி. எங்கள் நெருப்பு எப்போதும் சின்னதுதான். எரிப்பதற்கும் ஒரு வசதி வேண்டும். எங்களிடம் இருந்த ஒரே பழைய பாயில் நாங்கள் படுத்துக்கொண்டிருந்தோம்.

உரல்மேல் ஏறி, சுவரில் கால் வைத்துப் பரணுக்குத் தாவினேன். அம்மா வருவதற்குள் முடித்துவிட வேண்டும், வந்து பார்த்து அசந்துபோக வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். விளக்குமாற்றால் கூரையை ஒரு தட்டுத் தட்டினேன். கரியும் ஒட்டடையும் எலிப் புழுக்கையும் கொட்டின. கீழே, அடுப்பைத் தாண்டிக் கட்டியிருந்த தூளியில் தம்பி தூங்கிக்கொண்டிருந்தான். தும்மினான். அவன் தும்மினால் அம்மா சொல்வதுபோல, "நூறு" என்று மேலிருந்தே பெரிய மனுஷி மாதிரி சொன்னேன். மறுபடி தும்மினான். "எரநூறு." மூன்றாவது தும்மலுக்கு எனக்கு எண்ண நேரமில்லை. வேலை தலைக்குமேல் கிடந்தது.

புளிப் பானையைச் சுவரோரம் தள்ளினேன். சாம்பலில் விதை போட்டு வைத்திருந்த சுரைக்குடுக்கைகளைப் பெரிசு சிறிசாக அடுக்கினேன். அப்பாவின் பிய்ந்துபோன ஓலைக்குடை எரிக்கிற பக்கம். காலொடிந்த மணை எரிக்கிற பக்கம். அவ்வளவுதான் தேறியது. இன்னும் ஏதாவது கிடைக்காதா என்று கூரைக்கும் சுவருக்கும் நடுவில் கையை விட்டுத் துழாவினேன். அம்மாவின் பழைய சேலைத் துணியில் சுற்றிச் செருகி வைத்த ஒரு முறம் கையில் அகப்பட்டது. விளிம்பு பிரிந்து, பாதி உளுத்துப்போயிருந்தது. இடுக்குகளில் கொஞ்சம் தவிடு ஒட்டியிருந்தது. நல்ல முறம் ஒன்று கீழே தினமும் புழக்கத்தில் இருக்க, இதை எதற்கு இவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறார்கள் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. துணியையும் முறத்தையும் குடைக்கு அடியில் தள்ளினேன். குவியல் பார்க்கக் கொஞ்சம் பெரிசாக ஆனது.

அம்மா ஈரச் சேலையோடு வந்து நின்று அண்ணாந்து பார்த்தாள். இருட்டில் பரணின் மூலை தெரியவில்லை. முன்னால் அடுக்கின வரிசைதான் தெரிந்தது.

"எம்மாடி. எம்பொண்ணு கை பட்டு வீடே மாறிப்போச்சே" என்றாள்.

இந்த வயசு வரைக்கும் என்னை யாரும் அதைவிட நன்றாகப் புகழ்ந்ததில்லை.

விடியலில் கொளுத்தினோம். ஓலைக்குடை முதலில் பற்றியது. முறம் சாணி மெழுகின பொருள், முதலில் புகைந்தது, பிறகு திடீரென்று ஆள் உயரத்துக்கு எரிந்தது. தெருப் பிள்ளைகள் எங்கள் வாசலுக்கு ஓடிவந்தார்கள். அந்த வருஷம் நான்தான் ஜெயித்தேன்.

மத்தியானம் அம்மா பரணிலிருந்து புளி எடுக்க உரல்மேல் ஏறினாள். எடுத்துவிட்டு இறங்கவில்லை. கையைக் கூரையோரம் விட்டு ரொம்ப நேரம் தடவிக்கொண்டிருந்தாள்.

"குப்பு, இந்த மூலையில ஒண்ணு செருகியிருந்துச்சே."

"அந்த ஒடஞ்ச மொறமா? அது எரிஞ்சுபோச்சும்மா. நல்லா எரிஞ்சுச்சு."

அம்மா உரலிலிருந்து மெதுவாக இறங்கி அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. என் தலையைத் தடவி, முடியில் ஒட்டியிருந்த ஒட்டடையை எடுத்துப் போட்டாள்.

"நீ எரிச்சன்னு யாருகிட்டயும் சொல்லக் கூடாது. அத்தைகிட்ட சொல்லவே கூடாது. என்ன?"

நெருப்பு எங்களுடையதுதான் பெரிசு என்று ஊருக்கே தெரியும். அதை ஏன் மறைக்க வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. ஆனாலும் தலையை ஆட்டினேன்.

அன்று சாயங்காலமே தம்பிக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. மறுநாள் பொங்கல். அம்மா அடுப்பு மூட்டவில்லை. பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அப்பாவிடம் சொன்னபடியே இருந்தாள்.

"நல்ல நாளும் அதுவுமா ஆசுபத்திரி வாசலயா மிதிப்பாங்க? மாந்தம்தான். ஓமத்தண்ணி குடு, எறங்கிடும்" என்றாள் அத்தை.

"நெஞ்சு குழி விழுவுது அண்ணி. வந்து பாருங்க."

"நான் பாக்காத புள்ளையா? பொங்க வைக்கிற வழியப் பாரு."

அப்பா அம்மாவைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார், பிறகு மாட்டுக்குக் கொம்பு சீவப் போய்விட்டார். அத்தைதான் பொங்கல் வைத்தாள். பால் நன்றாகவே பொங்கியது. நான் கூவினேன்.

மாட்டுப் பொங்கலன்று காலையில் தம்பியின் உதடு கறுத்த பிறகுதான் பாபநாசத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அங்கே பார்த்துவிட்டுத் தஞ்சாவூருக்குப் போகச் சொன்னார்கள். தஞ்சாவூரில் கட்டிலில் போட்டுக் கொஞ்ச நேரம்தான். நெஞ்செல்லாம் சளி கட்டியிருந்ததாம். ரெண்டு நாள் முன்னால் கொண்டுவந்திருக்கலாமே, வீட்டில் புகையா, தூசியா என்று டாக்டர் கேட்டாராம். இதை அப்பா ஒரு தடவைதான் சொன்னார். அந்த ரெண்டு நாளைப் பற்றி வீட்டில் அப்புறம் யாரும் பேசவில்லை. தூசியைப் பற்றி என்னை இன்றுவரை யாரும் கேட்கவில்லை.

மறுநாள் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்தார்கள். வாசலில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அத்தை அழுதுகொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"மொறம் இருக்கறப்ப எமன் எப்புடி உள்ள வந்தான்?"

அத்தை எழுந்தாள். முழங்கால் வலி போன இடம் தெரியவில்லை. உரல்மேல் ஏறிக் கையை விட்டுப் பார்த்தாள்.

"எங்கடி மொறம்?"

அதை எரித்தது நான்தானே, இவள்தானே உளுத்ததை எடு என்று சொன்னாள் என்று வாயைத் திறந்தேன். பக்கத்தில் இருந்த அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். வளையல் உடைகிற மாதிரி பிடித்தாள்.

"நான்தான் எடுத்துப் போட்டேன். உளுத்துக் கெடந்துச்சு. போகிக்குப் போட்டேன்."

"தெரிஞ்சேவா போட்ட?"

"தெரிஞ்சுதான்."

அப்பா வாசலில் நின்று இதைக் கேட்டார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

அதற்குப் பிறகு அம்மாவுக்குப் பிள்ளை இல்லை. அப்பா அவளிடம் சோறு போடு, தண்ணி கொண்டா என்பதைத் தவிர வேறு பேசி நான் கேட்டதில்லை. முதல் நடவுக்கு நாற்று எடுத்துக் கொடுக்க ஊரில் எல்லாப் பெண்களையும் கூப்பிடுவார்கள், அம்மாவைக் கூப்பிட மாட்டார்கள். பிள்ளை பெற்ற வீட்டுக்கு அவள் போனால் குழந்தையை உள்ளே எடுத்துப் போய்விடுவார்கள். எனக்குக் கல்யாணமாகி, எனக்குப் பிள்ளை பிறந்தபோது என் மாமியாரும் அப்படித்தான் செய்தாள். பிள்ளைக்குக் காப்புப் போடக் கொண்டுவந்த காப்பரிசியை அம்மா வாசலிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

அந்தப் போகிக்குப் பிறகு அம்மா எதையும் தூக்கிப் போடவில்லை. ஓட்டைச் சொம்பு, பல் போன சீப்பு, அறுந்த செருப்பு எல்லாம் பரணில் ஏறும். மூங்கில் வளைந்து தலையில் இடிக்கும். ஊரே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

அவளுக்கு நினைவு நன்றாக இருந்த நாளிலேயே ஒருதரம் கேட்டேன்.

"அந்த மொறத்த எரிச்சது நான்னு நீ ஏம்மா சொல்லல?"

"எந்த மொறம்?" என்றாள். கையிலிருந்த கீரையிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

ஆனால் அதெல்லாம் பிற்பாடு. அந்தக் காணும் பொங்கலன்று எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: பரணை ஒழித்தது நான். ஏறினது நான், தட்டினது நான், அடுக்கினது நான். எம்பொண்ணு கை பட்டு வீடே மாறிப்போச்சு என்று அன்றைக்குச் சொல்லிவிட்டு, இப்போது ஊர் கூடியிருக்கும்போது நான்தான் செய்தேன் என்று அம்மா பேர் வாங்கிக்கொண்டுவிட்டாள். சோறு பிசைந்து வாயருகே கொண்டுவந்தாள். வாங்கவில்லை. பக்கத்தில் வந்து படுத்தாள். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்த வாரம் எங்கள் வீட்டில் அம்மாவோடு யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை.