டேங்க் மூன்று க்ளீன்

2012-இல் ஒரகடத்தில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் ட்ரெய்னியாக இருந்தேன். அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து டிப்ளமோவைத் தூக்கிக்கொண்டு வந்தவன். எனக்கு ஆங்கிலம் தெரியும் என்று நான் நம்பியதோடு நிற்காமல் சூப்பர்வைசரையும் நம்பவைத்திருந்தேன். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்களே, அப்படி ஷிப்ட் மாறும்போது எழுதும் ரெஜிஸ்டர் என் கைக்கு வந்தது. அதை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். வெளிநாட்டிலிருந்து ஆடிட்டுக்கு வருகிறவர்கள் படிப்பார்களாம். நான் இருந்தவரை வந்தவர்கள் யாரும் அதைத் திறக்கவில்லை. ஒழுங்காகப் படித்தவர் ஒரே ஒருவர்தான்.

அவர் எனக்கு அடுத்த ஷிப்டில் வாஷிங் மெஷினைப் பார்த்துக்கொண்ட கான்ட்ராக்ட் ஆள். எண்ணெய்ப் பிசுக்கோடு வரும் பாகங்களைச் சூடான சோப்புக் கரைசலில் கழுவும் மெஷின் அது. பக்கத்து ஊரான சேரப்பணஞ்சேரிக்காரர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், பத்தாவது ஃபெயில். நான் அண்ணே என்பேன், அவர் தம்பி என்பார். ரெஜிஸ்டரில் விரல் வைத்து எழுத்துக்கூட்டிப் படிப்பார். படித்ததை அப்படியே செய்வார். வேலைக்கு வந்த புதிதில் ஏதோ சந்தேகம் கேட்கப்போய், எழுதியிருப்பதைச் செய், கேள்வி கேட்காதே என்று சூப்பர்வைசரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவர்.

ஆங்கிலத்தில் இருக்கும் ஒரு தொல்லை தமிழில் நமக்குக் கிடையாது. எந்த ஆங்கில வார்த்தை வந்தாலும் பின்னால் ஒரு 'பண்ணு' போட்டு வேலை வாங்கிவிடுவோம். லூஸ் என்றால் லூஸாக இருக்கிறது. லூஸ் பண்ணு என்றால் ஸ்பேனரை எடு. ஆங்கிலத்தில் அந்தப் 'பண்ணு' இல்லை என்பது எனக்கு அதுவரை உறைக்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை ஷிப்டில் மூன்றாம் டேங்கை நானே காலி செய்து, தேய்த்துக் கழுவி, புதுக் கரைசல் ஊற்றிச் சூடேற்றினேன். ரெஜிஸ்டரில் 'டேங்க் மூன்று க்ளீன்' என்று ஆங்கிலத்தில் எழுதினேன். சுத்தமாக இருக்கிறது என்று பெருமை அடித்துக்கொண்டேன், அவ்வளவுதான். கையெழுத்துப் போட்டுவிட்டு கம்பெனி பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

இரண்டு மணிக்கு வந்தவர் அதைச் சுத்தம் செய் என்று படித்தார். மூடியைத் திறந்து பார்த்தாராம். கரைசல் தெளிவாகத்தான் இருந்ததாம். ஆனால் எழுதியிருக்கிறதே. வால்வைத் திறந்து அத்தனையையும் வடித்துவிட்டு, உள்ளே இறங்கித் தேய்த்துக் கழுவியிருக்கிறார். மறுபடி நிரப்பிச் சூடேறும்வரை லைன் நின்றது. லாரி பாதிச் சரக்கோடு கிளம்பிப் போனது.

மறுநாள் காலை விசாரணை. மேனேஜர், எச்.ஆர். அதிகாரி, நாங்கள் இருவர். யாராவது ஒருவர் மேல் தப்பு என்று எழுதியாக வேண்டும். என் மேல் என்றால் அடுத்த மாதம் வரவேண்டிய பர்மனன்ட் வராது. அவர் மேல் என்றால் கேட் பாஸைப் பிடுங்கிவிடுவார்கள். அவர் குடும்பத்து நிலம் தொழிற்பேட்டைக்குப் போய்விட்டது, வீட்டில் வேறு சம்பாத்தியம் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

க்ளீன் என்பது அட்ஜெக்டிவா, வெர்பா என்று மேனேஜர் கேட்டார். எச்.ஆர். செல்போனில் அகராதியைப் பார்த்து, இரண்டும்தான் என்று அறிவித்தார். அப்படியானால் எல்லா அட்ஜெக்டிவும் வெர்ப் ஆகுமா என்று மேனேஜருக்கு ஆர்வம் வந்துவிட்டது. ட்ரை ஆகும், எம்ப்டி ஆகும், பிக் ஆகாது என்றார் எச்.ஆர். டர்ட்டி ஆகும் என்று நான் எடுத்துக்கொடுத்தேன். மூன்று பேரும் கொஞ்ச நேரம் சுவாரசியமாகவே பேசிக்கொண்டிருந்தோம். அவர் நின்றுகொண்டிருந்தார்.

பிறகு அவர் மெதுவாகச் சொன்னார்: "சார், போன வாரம் தம்பி ஃபில்டர் க்ளீன்னு எழுதியிருந்திச்சி. நான் க்ளீன் பண்ணேன். சூப்பர்ணேன்னு தம்பியே சொல்லிச்சி. அது இன்னா சார்? திருப்பிப் பாருங்க."

மேனேஜர் பக்கத்தைத் திருப்பினார். என் கையெழுத்துதான். அதே வார்த்தை, வரியில் அதே இடம். மேனேஜர் என்னைப் பார்த்தார்.

இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது சார், தப்பு என்னுடையது என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் பர்மனன்ட் ஆகிவிட்டேன் என்று வீட்டில் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தேன், அவர்கள் தெரு முழுக்கச் சொல்லியிருந்தார்கள். பயந்துவிட்டேன்.

"அது வெர்ப் சார். இது அட்ஜெக்டிவ்" என்றேன்.

அவர் மேனேஜரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். "எனக்கு எப்பிடித் தெரியும் தம்பி? ரெண்டும் ஒரே மாதிரிதானே கீது."

நான் சொன்னதில் இலக்கணப் பிழை ஏதும் இல்லை. மதியத்துக்குள் அவருடைய கேட் பாஸை வாங்கிக்கொண்டார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது. அதனால் அவருக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை.

இனி ரெஜிஸ்டரைத் தமிழிலும் எழுத வேண்டும் என்று மேனேஜர் அன்றே உத்தரவு போட்டார். ஷிப்ட் முடிவில் உட்கார்ந்து, 'டேங்க் மூன்று சுத்தமாக இருக்கிறது' என்று எழுதினேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை. இரண்டு மணிக்கு அதைப் படித்துக் கையெழுத்துப் போட வேறு ஆள் வந்தார்.