அக்காவோடு போன தனுஷ்கோடி

கான்வாஸ் ஷூவுக்குள் புகுந்த மணல் காலுறையையும் தாண்டிப் பாதத்தைச் சுட்டது. ஒரு பக்கம் அசையாத கடல், மறுபக்கம் இரைந்துகொண்டே இருந்த கடல், நடுவே புயலில் அழிந்த பழைய ரயில் பாதையை ஒட்டித் தனுஷ்கோடிக்கு நடந்துகொண்டிருந்தோம். ஏழாம் வகுப்பு முடிந்த கோடையில் பள்ளியிலிருந்து ராமேஸ்வரத்துக்கு 'கேம்ப்' கூட்டிப்போயிருந்தார்கள். கூடாரத்தில் தங்கல், பழைய யாத்திரைக்காரர்கள் போன வழியில் ஒரு நாள் நடை. பெண்பிள்ளைகளுக்குத் துணையாக வீட்டிலிருந்து ஒருவர் வரலாம் என்றதும், பக்கத்து அருள்புரத்தில் பனியன் கம்பெனியில் துணியில் பழுது பார்க்கும் 'செக்கிங்' வேலைக்குப் போய்க்கொண்டிருந்த என் அக்கா தானே முன்வந்தாள். அதுவரை என்னைப் பக்கத்தில் அண்டவிடாதவள், கிளம்புவதற்கு முந்தைய மாதம் முழுவதும் எனக்குத் தலை பின்னிவிட்டாள், தன் கம்மலைப் போட்டு அழகு பார்த்தாள், "நீயும் நானும் கடலப் பாக்கப் போறோம் கண்ணு" என்று கட்டிக்கொண்டு தூங்கினாள். அப்பா தயங்கியபோது, அக்கா வந்தே ஆகவேண்டும் என்று அழுது சாதித்தவள் நான்தான்.

இடிந்த தேவாலயம் கண்ணில் பட்டதும் அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நீ முன்னால போ கண்ணு. டீச்சர் கேட்டா, அக்காளுக்கு வயித்து வலி, மெதுவா வர்றாங்கன்னு சொல்லு."

சொன்னேன். நிலமுனையில் எல்லோரும் கால் நனைத்துக்கொண்டிருந்தபோது டீச்சர் மறுபடி கேட்டார். "வந்துட்டே இருக்கறாங்க டீச்சர்" என்று மறுபடியும் சொன்னேன். திரும்பி வந்து பார்த்தால் தேவாலயத்தருகே அக்கா இல்லை.

"உங்க அக்காவா? ஒரு பையன்கூட வேன்ல ஏறிப் போயிருச்சே பாப்பா" என்றாள், அங்கே சங்கு விற்றுக்கொண்டிருந்த அம்மாள்.

அந்தப் பையன் கம்பெனியில் அக்காவோடு வேலை பார்த்தவர் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த ஒரு மாதத்துப் பிரியம் எதற்கென்று மட்டும் அங்கேயே, அந்த மணலிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

ஊருக்கு வந்ததும் அம்மா என்னைத்தான் அடித்தாள். "கூடவே போனவளுக்குத் தெரியாமயா போச்சு?" தெரியாது என்று எத்தனை அழுதும் ஒருவரும் நம்பவில்லை.

குழந்தை பிறந்ததும் அக்காவைச் சேர்த்துக்கொண்டார்கள். இப்போதும் பொங்கல், தீபாவளி என்று 'நோம்பி'க்கு வந்தால், "அன்னைக்கு எந்தங்கச்சி மட்டும் டீச்சர்கிட்டச் சமாளிக்கலீன்னா நாங்க மாட்டியிருப்பமுங்க" என்று சிரிப்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். எனக்கு அப்போது என்ன ஆனது என்று அவள் இன்றுவரை கேட்டதில்லை.

போன கோடையில் என் மகளைத் தனுஷ்கோடிக்குக் கூட்டிப்போனேன். நிலமுனை வரை தார்ச்சாலை போட்டுவிட்டார்கள். பேருந்தே போகிறது, நாங்கள் நடந்த மணல்வழியில் இப்போது யாரும் நடப்பதில்லை. ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்த மகள், "இவ்வளவு தூரம் நடந்தேவாம்மா வந்தே? யாருகூட?" என்று கேட்டாள்.

"டீச்சர்கூட" என்றேன்.